செக் நாட்டு எஞ்சின்

ஓட்டக்களத்தின் சரித்திரம் – 17

சென்ற அத்தியாயத்தில் பின்லாந்து தேசத்துப் பாவோ நூர்மியின் கதையை முடித்தோம். கையில் கடிகாரத்தை ஏந்தி, பக்கத்தில் ஓடுபவன் யார் என்றுகூடத் திரும்பிப் பாராமல், காலம் ஒன்றையே பகைவனாகக் கருதி ஓடிய அந்த மௌனியின் கீர்த்தி, இரண்டாம் உலக மகாயுத்தம் மூளும்வரையில் ஐரோப்பாவிலுள்ள எத்தனையோ வாலிபர்களின் சொப்பனங்களில் உலவிக்கொண்டிருந்தது. அந்த வாலிபர்களில் ஒருவர்தான் இந்த அத்தியாயத்தின் நாயகர். நூர்மியின் பயிற்சி முறையைப் படித்தறிந்து அதையே தமக்கு மூலதனமாகக் கொண்டவரென்றாலும், சுபாவத்தில் அவருக்கு நேர்மாறானவர். நூர்மி வாய் திறக்கமாட்டார். இவரோ பந்தயத்தின் நடுவிலும் பேச்சை நிறுத்தமாட்டார். நூர்மியின் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது. இவர் முகத்தையோ பார்க்கச் சகியாது.

எமில் ஸாட்டோபெக் ஓடுவதை முதன்முறையாகப் பார்த்தவர்கள் பயந்துபோனார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, நாக்கு வெளியே தள்ளி, புருவம் நெரிந்து, வாய் கோணி, தோள்கள் காதை நோக்கி உயர்ந்து, கைகள் மார்பைப் பிறாண்டுவனபோல் இழுபட, மூச்சு இரைவது தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்க, இந்த மனிதர் அடுத்த சுற்றை முடிக்கப்போவதில்லை, யாராவது ஒரு டாக்டரை அழைத்து வந்தால் தேவலை என்று நினைக்கும்படியாக அவர் வருவார். வந்து, முன்னால் போகிறவர்களையெல்லாம் தாண்டிப் போய்விடுவார். பத்திரிகை நிருபர்கள் இந்தக் கோலத்தை வர்ணிப்பதில் ஒருவரையொருவர் மிஞ்சப் பார்த்தார்கள்: கழுத்தில் சுருக்கு விழுந்தவன் என்றார் ஒருவர், நெஞ்சில் கத்தி பாய்ந்தவன் என்றார் இன்னொருவர். இரைப்பைக் கேட்டவர்கள் செக் நாட்டு எஞ்சின் என்று பெயரிட்டார்கள். நிலைத்தது அந்தப் பெயர்தான். கூர்ந்து நோக்கியவர்கள் மட்டும், இடுப்புக்கு மேலே இத்தனை அமர்க்களம் நடந்துகொண்டிருக்கையில், இடுப்புக்குக் கீழே கால்கள் இரண்டும் சற்றும் தடுமாறாமல், சீரான சிறு எட்டுக்கள் வைத்துத் தம் காரியத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததைக் கண்டுகொண்டார்கள். ஏன் இப்படி முகத்தைச் சுளிக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், ஓடவும் சிரிக்கவும் ஒருங்கே செய்யும் அளவுக்குத் தமக்குத் திறமை போதாது என்று அவர் பதில் சொல்லுவதுண்டு.

இத்தனை உக்கிரமும் யார்மேல் என்பதுதான் இங்கே சிந்திக்கத்தக்கது. களத்தில் உக்கிரமாக விளையாடும் வீரர்களில் பெரும்பாலோர் அதை எதிராளியின்மேல் காட்டுவார்கள். பல்லைக் கடிப்பதும் முறைப்பதும் தோற்றபின் கைகொடுக்காமல் போவதும் வீரத்தின் அங்கங்கள் என்றே சிலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஸாட்டோபெக்கின் உக்கிரமோ முழுவதும் அவருடைய சொந்தத் தேகத்தின்மேலேயே செலவாகிவிட்டது. எதிராளியின் பங்குக்கு எஞ்சியது சிநேகம் ஒன்றுதான். அவரோடு ஓடித் தோற்றவர்களே அவரை அதிகமாக நேசித்தார்கள் என்ற விசித்திரத்துக்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்; வாசகர்கள் கதையைக் கேட்டுவிட்டுத் தாமே தீர்மானிக்கட்டும்.

மொராவியாவிலுள்ள கொப்ரிவ்நிட்ஸே என்ற ஊரில், 1922ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் தேதி, பல குழந்தைகள் பிறந்த ஒரு தச்சர் குடும்பத்தில் அவர் பிறந்தார். வீட்டில் வசதி இல்லை. பதினாறு வயதுவாக்கில் ஸ்லின் நகரத்துக் காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். நம் ஊர்க் கடைத்தெருக்களில் பள்ளி திறக்கும் மாதத்தில் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏறி இறங்கும் பாட்டா கடைகளுக்கெல்லாம் பிறப்பிடம் அந்தத் தொழிற்சாலைதான். நாள் முழுவதும் யந்திரத்தின் முன்னே நிற்கவேண்டிய வேலை. ஓட்டத்துக்கும் அந்தப் பையனுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது.

1941-ல் ஒரு நாள், தொழிற்சாலையின் விளையாட்டுப் பயிற்சியாளர், கண்டிப்புக்குப் பெயர்போனவர், நான்கு பையன்களைச் சுட்டிக்காட்டி, ஊரில் நடக்கும் பந்தயத்தில் நீங்கள் ஓடவேண்டும் என்று உத்தரவிட்டார். நால்வரில் ஒருவரான எமில், தமக்கு உடம்பு பலவீனம், ஓடத் தகுதியில்லை என்று சாக்குச் சொல்லிப் பார்த்தார். பயிற்சியாளர் அவரை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, பையன் குத்துக்கல்லாக இருக்கிறான் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேறு வழியின்றி ஓடினார். ஓடத் தொடங்கியதும், இத்தனை நேரம் தப்பித்துக்கொள்ளப் பார்த்த அதே பையனுக்கு, எப்படியாவது ஜயிக்கவேண்டும் என்ற வெறி எங்கிருந்தோ வந்து பற்றிக்கொண்டது. சுமார் நூறு பேர் ஓடிய பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். மூன்றே வருஷங்களில், 1944-ல், அவர் நாட்டின் 2,000, 3,000, 5,000 மீட்டர் சாதனைகள் மூன்றும் அவர் வசமாயின.

யுத்தம் முடிந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். அவருடைய பயிற்சி முறை உருப்பெற்றது இந்தக் காலத்தில்தான். அந்நாளைய தொலைதூர ஓட்டக்காரர்கள், தூரத்துக்குப் பழகவேண்டுமானால் தூரம் ஓடவேண்டும் என்ற நியாயத்தைக் கடைப்பிடித்து, நிதானமாக நெடுந்தூரம் ஓடிப் பழகினார்கள். ஸாட்டோபெக் இதைக் கேட்டு நகைத்தார். மெதுவாக ஓட எனக்கு ஏற்கெனவே தெரியும், தெரிந்ததை எதற்காகப் பழகவேண்டும், வேகமாக ஓடவல்லவோ பழகவேண்டும் என்பது அவர் வாதம். ஆகவே 100 மீட்டர், 200 மீட்டர், 400 மீட்டர் என்று சிறு தூரங்களை முழு வேகத்துக்குச் சமீபமாக ஓடுவார், சிறிது மெல்லோட்டம் ஓடி மூச்சை மீட்டுக்கொள்வார், மறுபடியும் ஓடுவார். உனக்கென்ன பைத்தியமா, நீ குறுந்தூர ஓட்டக்காரனா என்று கேட்டவர்களிடம், 100 மீட்டரை 20 முறை ஓடினால் 2 கிலோமீட்டர் ஆகிறதே, அது குறுந்தூரமா என்று கணக்குக் காட்டுவார். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 200 மீட்டர் ஐந்து முறை, 400 மீட்டர் இருபது முறை, மீண்டும் 200 மீட்டர் ஐந்து முறை என்றிருந்த அளவு, ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, பிற்காலத்தில் 400 மீட்டரை நூறு முறை ஓடும் அளவுக்குப் போயிற்று. நூறு முறை என்றால் 40 கிலோமீட்டர். இடையிலுள்ள மெல்லோட்டம் இதில் சேராது.

இவற்றோடு அவர் செய்த மற்ற வித்தைகளும் உண்டு. ராணுவ பூட்ஸை மாட்டிக்கொண்டு பனியில் காட்டு வழியே ஓடுவார். காவல் நிற்கும் வேளையில் நின்ற இடத்திலேயே ஓடுவார். சாலையோர மரங்களைக் குறியாக வைத்து, நேற்று நாலாவது மரம், இன்று ஐந்தாவது மரம் என்று மூச்சை அடக்கியபடி நடந்து, ஒரு நாள் மயங்கியே விழுந்துவிட்டார். அழுக்குத் துணிகளைக் குளியல் தொட்டியில் போட்டுத் தண்ணீரும் சோப்பும் விட்டு அதன்மேல் மணிக்கணக்கில் ஓடித் துவைத்ததும் உண்டு. கலியாணத்துக்குப் பின் மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார் என்றால், அந்த அம்மாளின் பொறுமையைத்தான் முதலில் மெச்சவேண்டும்.

1946-ல் நேச நாட்டு ராணுவங்களுக்கிடையே பெர்லினில் நடந்த பந்தயங்களுக்கு, செக்கோஸ்லொவாக்கியாவின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் தன்னந்தனி ஆளாக அணிவகுத்து வந்தார் ஸாட்டோபெக். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. 5,000 மீட்டர் ஓட்டத்தில் மற்றவர்களை அவர் வெகுதூரம் பின்தள்ளி வந்தபோது அதே கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. பெரிய பரீட்சை இரண்டு ஆண்டுகளுக்குப் பின் லண்டனில் காத்திருந்தது.

1948ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி, வெம்ப்ளி மைதானத்தில் ஒலிம்பிக் 10,000 மீட்டர் பந்தயம். உலக சாதனை அப்போது பின்லாந்தின் வில்யோ ஹெய்னோவிடம் இருந்தது. பதக்கம் அவருக்கே என்பது பொதுவான அபிப்பிராயம். ஒரு சுற்றுக்கு 71 வினாடி என்று ஸாட்டோபெக் கணக்குப் போட்டிருந்தார். கணக்குப் பிசகினால், பார்வையாளர்களிடையே அமர்ந்திருந்த பயிற்சியாளர் சிவப்புத் துணியைக் காட்டவேண்டும் என்பது ஏற்பாடு. எட்டாவது சுற்று வாக்கில் சிவப்பு தெரிந்தது. கூட்டத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருந்தவர் முன்னே பாய்ந்தார். ஹெய்னோ சிறிது நேரம் ஈடுகொடுத்துப் பார்த்துவிட்டு, மனம் உடைந்து களத்தைவிட்டே வெளியேறினார். ஸாட்டோபெக் 29 நிமிஷம் 59.6 வினாடியில் முடித்தார். பிரான்ஸுக்காக ஓடிய அல்ஜீரியர் அலேன் மிமூன் முக்கால் நிமிஷத்துக்குமேல் பின்தங்கி இரண்டாவதாக வந்தார். இந்த மிமூனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இவர் இன்னும் பலமுறை இரண்டாவதாக வரப்போகிறார்.

மூன்று நாள் கழித்து, கொட்டும் மழையில், 5,000 மீட்டர் இறுதிப் பந்தயம். பெல்ஜியத்தின் காஸ்டன் ரைஃப் வெகுதூரம் முன்னே போய்விட்டார். ஸாட்டோபெக் தோற்றுவிட்டார் என்று எல்லோரும், அவரும்கூட, நினைத்துக்கொண்ட பிறகு, கடைசிச் சுற்றில் ஏதோ ஒரு மூர்க்கம் அவரைப் பிடித்தது. சேற்றை வாரி இறைத்துக்கொண்டு அவர் வருவதைக் கண்டு ஜனங்கள் இருக்கைகளின்மேல் ஏறி நின்று கத்த, எதற்கு இந்தக் கூச்சல் என்று புரியாத ரைஃப் கடைசி நேரத்தில் திரும்பிப் பார்த்து, அரண்டு, மிஞ்சியிருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஓடிப் பிழைத்தார். வித்தியாசம் 0.2 வினாடி. வென்ற பந்தயத்தைவிடத் தோற்ற இந்தப் பந்தயந்தான் ஸாட்டோபெக்குக்கு ரசிகர்களைச் சம்பாதித்துக் கொடுத்தது. அன்று வெம்ப்ளியில் அவரைப் பார்த்த கோர்டன் பிரீ என்ற ஆங்கிலேயச் சிறுவன், நாமும் இப்படித்தான் ஆகவேண்டும் என்று நிச்சயித்துக்கொண்டு வீடு திரும்பினான்; நான்கு ஆண்டுகளில் அதே மனிதரோடு ஒலிம்பிக் களத்தில் நின்றான்.

லண்டனில் இன்னொரு சங்கதியும் நடந்தது. செக்கோஸ்லொவாக்கியாவின் ஈட்டி வீராங்கனை டானா என்பவர், எமில் பிறந்த அதே நாளில், அதே ஆண்டில் பிறந்தவர். பெண்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குத் தங்கப் பதக்கத்தைக் காட்டச் சென்ற எமில், அதை அங்கிருந்த நீச்சல் குளத்தில் தவறவிட்டு, பாய்ந்து மூழ்கி எடுத்தாராம்; நிர்வாகி அம்மாள் பார்த்துவிட்டு விரட்டினாராம். டானாவே பிற்காலத்தில் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை இது. அந்த ஆண்டு அக்டோபரில் இருவருக்கும் விவாகம் நடந்தது.

1949 முதல் 1951 வரை ஸாட்டோபெக் படைத்த உலக சாதனைகளை ஒவ்வொன்றாக எழுதினால் அத்தியாயம் பஞ்சாங்கமாகிவிடும். ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டருக்குமேல் ஓடிய முதல் மனிதர் அவர்தான் என்பதைமட்டும் சொல்லி, 1952ஆம் வருஷத்துக்கு வருவோம்.

அவ்வருஷம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குச் செக்கோஸ்லொவாக்கியக் குழு புறப்படவேண்டிய தறுவாயில், 1,500 மீட்டர் ஓட்டக்காரர் ஸ்டானிஸ்லாவ் யுங்விர்த்தின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஓட்டத்தில் குறையில்லை, அவருடைய தந்தை அரசியல் கைதி, அவ்வளவுதான். அந்நாளில் அந்த நாட்டில் இத்தகைய தீர்ப்பை எதிர்த்து வாய் திறப்பது என்றால், திறப்பவனுடைய வேலை, வீடு, சுதந்திரம் மூன்றும் போகலாம். யுங்விர்த்தே, போகட்டும், என் பொருட்டு நீங்கள் கெட்டுப்போகவேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். ஸாட்டோபெக் கேட்கவில்லை. யுங்விர்த் போகாவிட்டால் நானும் போகமாட்டேன் என்று அதிகாரிகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விமானம் அவ்விருவரையும் விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போயிற்று. ராணுவ உத்தியோகஸ்தர் ஒருவர் இப்படி முரண்டு பிடித்தால் என்ன தண்டனை என்பது யாவருக்கும் தெரிந்ததே; ஆயினும் ஸாட்டோபெக் இல்லாத குழு ஹெல்சிங்கியில் போய் என்ன செய்யும் என்பதும் அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. சில நாள் கழித்து மேலிடம் இறங்கிவந்தது. இருவரும் ஹெல்சிங்கி போய்ச் சேர்ந்தார்கள். யுங்விர்த்துக்கு அங்கே பதக்கம் கிட்டவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 1,500 மீட்டரில் உலக சாதனை படைத்தார். தங்கப் பதக்கங்களைவிட இந்த ஒரு காரியத்துக்காகவே ஸாட்டோபெக்கைப் பெரியவர் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன்.

ஹெல்சிங்கியில் முதல் நாளாகிய ஜூலை 20ஆம் தேதி, 10,000 மீட்டர் பந்தயத்தை அவர் 29 நிமிஷம் 17 வினாடியில் வென்றார், மிமூன் இரண்டாவது. இதில் அதிசயிக்க ஒன்றுமில்லை, எல்லோரும் எதிர்பார்த்ததே. அதிசயம் ஜூலை 24ஆம் தேதி நடந்தது.

5,000 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஜெர்மனியின் ஹெர்பர்ட் ஷாடே, மிமூன், இங்கிலாந்தின் கிறிஸ் சாட்டவே, முன்பு சொன்ன பிரீ ஆகிய சூரர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஓட்டத்தின் நடுவிலே ஸாட்டோபெக் ஷாடேயின் பக்கம் திரும்பி, வாருங்கள், இரண்டு சுற்று சேர்ந்து ஓடுவோம் என்று அழைத்ததாகச் சொல்வார்கள். கடைசிச் சுற்று மணி அடித்ததும் ஸாட்டோபெக் முன்னே பாய்ந்தார். அந்தப் பாய்ச்சல் பலிக்கவில்லை. எதிர்ப்புற நேர்கோட்டில் சாட்டவே அவரைத் தாண்டினார், ஷாடே தாண்டினார், மிமூனும் தாண்டினார். இனி 200 மீட்டர்தான், அவர் நாலாமிடத்தில் இருந்தார், பதக்கமே இல்லை. மற்றொருவராயிருந்தால் அங்கே மனசு விட்டுப்போயிருக்கும். கடைசி வளைவில், உள்கோட்டை அடைத்துக்கொண்டு மூவர் ஓட, வெளிக்கோட்டில் விலகி, வாய் பிளந்து, முகம் முழுவதும் வேதனையாகி, தலை ஆட ஆட அவர் வந்த வருகையை நிழற்படத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்: நான்கு பேரும் வளைவில் நெருங்கி நிற்க, மற்ற மூவரின் முகத்திலும் களைப்பு இருக்கிறது, அவர் முகத்தில் மட்டும் போர் நடக்கிறது. ஒரே வீச்சில் மூவரையும் கடந்தார். அந்த நேரத்தில் சாட்டவேயின் கால் உள்வரம்பில் தட்டி அவர் குப்புற விழுந்தார். மைதானம் முழுவதும் ஸா-ட்டோ-பெக், ஸா-ட்டோ-பெக் என்று அசை பிரித்து முழங்கிக்கொண்டிருக்க, 14 நிமிஷம் 6.6 வினாடியில் அவர் நாடாவைத் தொட்டார். இரண்டாமவர் வேறு யார்? மிமூன்தான்.

அதே பிற்பகல், சற்று நேரத்துக்கெல்லாம், அதே மைதானத்தில் பெண்களின் ஈட்டி எறிதல். கணவருடைய பதக்கத்தை வாங்கி அதிர்ஷ்டத்துக்காகத் தம் பையில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போன டானா, முதல் எறியிலேயே 50.47 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையுடன் தங்கம் வென்றார். என்னுடைய வெற்றியைக் கண்ட உற்சாகத்தினால்தான் இவள் வென்றாள் என்று எமில் நிருபர்களிடம் வேடிக்கையாகச் சொல்லப்போக, அப்படியானால் வேறு ஒரு பெண்ணுக்கு உற்சாகம் ஊட்டி அவள் 50 மீட்டர் எறிகிறாளா பாருங்கள் என்று டானா திருப்பிக் கொடுத்தார். தம்பதிகள் என்றால் இப்படியல்லவோ இருக்கவேண்டும்!

இரண்டு தங்கம் போதாதென்று, வாழ்நாளில் ஒருமுறையும் ஓடியிராத மாரத்தானில் ஓடப் பெயர் கொடுத்தார் ஸாட்டோபெக். ஜூலை 27ஆம் தேதி, புறப்படும் இடத்தில், அதற்குச் சுமார் ஆறு வாரத்துக்குமுன் உலகத்திலேயே மிகக் குறைந்த நேரத்தில் மாரத்தானை ஓடிக் காட்டியிருந்த ஆங்கிலேயர் ஜிம் பீட்டர்ஸைத் தேடிப் பிடித்து, நான் ஸாட்டோபெக் என்று கைகொடுத்து அறிமுகம் செய்துகொண்டார். வழி தெரியாத ஊரில் வழி தெரிந்தவன் பின்னால் போவதுபோல் பீட்டர்ஸின் பின்னாலேயே ஓடினார். பீட்டர்ஸோ தொடக்கத்திலேயே அசுர வேகத்தில் கிளம்பிவிட்டார். பாதித் தூரம் வருவதற்குள் ஸாட்டோபெக் அவரை எட்டிப் பிடித்து, ஜிம், இந்த வேகம் சரிதானா, அதிகமாயில்லையா என்று உண்மையாகவே சந்தேகம் கேட்டார். ஏற்கெனவே களைத்துப்போயிருந்த பீட்டர்ஸ், இவரை அலைக்கழிக்கலாம் என்ற எண்ணத்தோடு, போதாது, இன்னும் வேகம் வேண்டும் என்றார். ஸாட்டோபெக் அதை அப்படியே நம்பி, நன்றி சொல்லாத குறையாக வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பீட்டர்ஸ் கால் பிடித்துக்கொண்டு வழியிலே நின்றுபோனார். பொய் சொன்னவர் விழுந்தார், நம்பியவர் வென்றார் என்று நீதிக் கதை எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்குப் பீட்டர்ஸிடம் கோபம் வரவில்லை. அந்த நிலையில் எவனும் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது.

மிச்ச தூரம் ஸாட்டோபெக்குக்குத் தனிமை. பேச ஆளில்லாத குறையை, வழியில் நின்ற போலீஸ்காரர்களோடும் வண்டியில் வந்த படம்பிடிப்பவர்களோடும் பேசித் தீர்த்துக்கொண்டார். 2 மணி 23 நிமிஷம் 3.2 வினாடியில், பழைய ஒலிம்பிக் சாதனையை ஆறு நிமிஷத்துக்குமேல் குறைத்து, அவர் மைதானத்துக்குள் நுழைந்தபோது, நிறைந்திருந்த ஜனத்திரள் முழுவதும் எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிற்று. தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றிருந்த ஜமைக்கா வீரர்கள் ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அவர்களுக்கும் செக் நாட்டுக்கும் என்ன உறவு? இரண்டாவதாக வந்த ஆர்ஜென்டினாவின் கோர்னோ வந்துசேர்வதற்குள் ஸாட்டோபெக் மூச்சு வாங்கி முடித்து, அவருக்காக ஆரஞ்சுச் சுளையோடு காத்திருந்தார்.

அந்த ஹெல்சிங்கியில் அவருடைய அறைக்கு வழிகேட்டு வந்தவர்களில் ஆஸ்திரேலியாவின் லெஸ் பெர்ரி ஒருவர். கீழை ஐரோப்பிய வீரர்கள் ஒட்டானியேமி என்ற இடத்தில் தனியே தங்கவைக்கப்பட்டிருந்தார்கள்; பிற நாட்டார் அங்கே போவது வழக்கமில்லை. அரசியல் வேலியை அறியாதவர்போல் ஸாட்டோபெக் அவரை வரவேற்றுத் தம்மோடு பயிற்சிக்கே அழைத்துச் சென்றார். பெர்ரியின் தோழர் ஜான் லாண்டி, அங்கே ஒன்றும் வெல்லாமல் ஊர் திரும்பி, ஹெல்சிங்கியில் கண்டதை மனதில் வைத்துக் கடும் பயிற்சி செய்து, அந்த டிசம்பரிலேயே ஒரு மைலை 4 நிமிஷம் 2.1 வினாடியில் ஓடி உலகத்தைத் திடுக்கிடச் செய்தார். ஸாட்டோபெக்கிடம் ஒளிவுமறைவு கிடையாது. யார் கேட்டாலும் தம் பயிற்சியின் கணக்கு முழுவதையும் எடுத்துச் சொல்லிவிடுவார். அதைக் கற்றவர்களே பிறகு அவருடைய சாதனைகளை உடைத்தார்கள்.

1954-ல், மே 30ஆம் தேதி பாரிஸில் 5,000 மீட்டரிலும், இரண்டே நாள் கழித்து பிரஸ்ஸல்ஸில் 10,000 மீட்டரிலும் உலக சாதனை; 10,000 மீட்டரை 29 நிமிஷத்துக்குள் ஓடிய முதல் மனிதரும் அவரே. அதோடு உச்சி முடிந்து இறக்கம் தொடங்கியது. 1956-ல் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, டாக்டர்கள் இட்ட ஓய்வைப் பொருட்படுத்தாமல் ஓடிப் பழகி, மெல்போர்ன் மாரத்தானில் ஆறாவதாக வந்தார். அந்த மாரத்தானை வென்றவர், எட்டு ஆண்டுகளாக மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் ஸாட்டோபெக்கின் முதுகையே பார்த்து ஓடிய அலேன் மிமூன். வென்ற மிமூன் கொண்டாடப் போகவில்லை. கோட்டின் அருகே நின்று பழைய தோழருக்காகக் காத்திருந்தார். களைத்து மயங்கும் நிலையில் வந்துசேர்ந்த ஸாட்டோபெக்கிடம், எமில், எனக்கு வாழ்த்துச் சொல்லமாட்டீரா, நான் ஒலிம்பிக் சாம்பியன் என்றார். ஸாட்டோபெக் சுதாரித்து, நிமிர்ந்து நின்று, தொப்பியைக் கழற்றி ராணுவ மரியாதை செய்துவிட்டு, அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். பதக்கத்தைவிட அந்தத் தழுவலே தமக்குப் பெரிது என்று மிமூன் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரித்திரம் எழுதுகிறவன் இங்கேயே நிறுத்திக்கொள்வது தர்மமாகாது. 1950-ல் மிலாடா ஹொராக்கோவா என்ற உத்தமியைப் பொய் வழக்கில் தூக்கிலிட்டபோது, அதை ஆதரித்து ஸாட்டோபெக்கின் பெயரால் பத்திரிகையில் ஒரு வாசகம் வெளிவந்தது. அரசு தன் புகழ்பெற்ற வீரரை விளம்பரப் பலகையாக உபயோகித்துக்கொண்டது. அவரும் நெடுங்காலம் அதற்கு இசைந்திருந்தார். பிறகு 1968 வந்தது. பிராகில் வீசிய சீர்திருத்தக் காற்றை அவர் பகிரங்கமாக வரவேற்றார். ஆகஸ்டில் ரஷ்ய டாங்கிகள் நுழைந்தபோது வென்ஸஸ்லாஸ் சதுக்கத்தில் ஜனங்களிடையே நின்று பேசினார். மெக்ஸிகோ ஒலிம்பிக்கிலிருந்து ஆக்கிரமிப்பாளரை விலக்கவேண்டும் என்றார். அதற்குக் கூலியாகக் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டு, கர்னலாக இருந்தவர், பூமியைத் துளையிட்டு ஆராயும் தொழிலாளர் கூட்டத்தோடு, வீட்டைவிட்டு வெகுதூரத்தில் வண்டிக் கூடாரத்தில் தங்கிப் பல ஆண்டு உழைக்க நேர்ந்தது. 1971-ல் தம் பழைய பேச்சுக்களிலிருந்து பின்வாங்குவதாக அறிவிக்கவும் செய்தார். அவரை நம்பியிருந்த சிலர் இதை மன்னிக்கவில்லை. 10,000 மீட்டருக்கு ஈடுகொடுத்த நெஞ்சு இதற்கு ஈடுகொடுக்கவில்லை என்று அவர்கள் சொன்னால், இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் யுங்விர்த்துக்காக விமானத்தை விட்டவரும் இதே மனிதர்தான்.

அந்தச் சோதனைக்கெல்லாம் முன்பு, 1966-ல், ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் பிராகுக்கு வந்திருந்தார். எத்தனையோ உலக சாதனைகளை வைத்திருந்தும் ஒலிம்பிக் தங்கம் ஒன்றும் கிட்டாத துரதிர்ஷ்டசாலி அவர். வழியனுப்ப விமான நிலையத்துக்கு வந்த ஸாட்டோபெக், கைகுலுக்கும்போது ஒரு சிறு பொட்டலத்தை அவர் கையில் அழுத்தினார். தேசத்தை விட்டு ரகசியமாக எதையோ வெளியே அனுப்புகிறார் என்று கிளார்க் எண்ணி, விமானம் எழும்பிய பின்னரே பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது ஹெல்சிங்கியில் 10,000 மீட்டருக்குக் கிடைத்த தங்கப் பதக்கம்.

1990-ல் புதிய அரசு அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை ரத்துசெய்து கௌரவத்தை மீட்டுத் தந்தது. 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிராகில் அவர் காலமானார். பிராக் தேசிய நாடக அரங்கத்தில் இறுதி மரியாதை நடந்தது. டானா அம்மாள் இன்னும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2020 மார்ச்சில், தம் 97ஆம் வயதில் மறைந்தார்.

5,000, 10,000, மாரத்தான் மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் ஸாட்டோபெக்குக்கு முன் யாரும் இல்லை. 1976-ல் மாண்ட்ரியலில் பின்லாந்தின் லாஸே விரேன் முயன்றார். முதல் இரண்டையும் வென்று, மாரத்தானில் ஐந்தாவதாக வந்தார். அதற்குப் பின் இன்றுவரை எவரும் அதைச் சாதிக்கவில்லை. 1960-ல் ரோமாபுரியின் கல் பாவிய வீதிகளில் வெறுங்காலோடு ஓடி, மாரத்தானில் தங்கம் வென்ற எத்தியோப்பியச் சிப்பாய் அபேபே பிகிலாவை அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.